ஆறாம் நம்பருக்கு விடுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உனக்கு நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு இந்த வருடத்தோடு சரி. விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பெரியத்தை போய்விட்டார், அக்கா. வியாழக்கிழமை விடியற்காலையில். இன்றோடு நான்கு நாள். உனக்குத் தகவல் போகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். அத்தைக்காகவா உனக்காகவா தெரியவில்லை.

அத்தையை எடுத்துப் போனபோது பழைய மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலை நரைத்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். யாரும் சொல்லாமலே உயரப்படி வரிசையில் நின்றுகொண்டார்கள், குள்ளமானவர்கள் முன்னால். பஸ் டிரைவர் மாமா பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து கடைசியில் நின்றார். சின்ன வயதில் பள்ளிக்கு வராமல் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்த தன்னைக் காதைப் பிடித்து அத்தை இழுத்து வந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். "அந்தக் காதுதான் இன்னும் ஹாரன் சத்தத்தைத் தாங்குது" என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை பதினெட்டு வயதில் அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கு டீச்சராக வந்தவர். தாயில்லாத கைக்குழந்தையாக இருந்த அப்பாவை வகுப்பு மூலையில் தூளி கட்டிப் போட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பாடம் நடத்தியவர். அந்த அப்பாதான் இப்போது நீ வர வேண்டும் என்ற அவர் ஆசையை மறிக்கிறார்.

நம் வீட்டு வருகைப் பதிவு உனக்கு ஞாபகம் இருக்குமே. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை பதிவேட்டை மடியில் விரித்து நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். பெரியப்பா ஒன்று, அப்பா இரண்டு, நீ ஆறு, நான் ஏழு. "உள்ளேன் டீச்சர்" சொன்னால்தான் தட்டு வரும். நீ வீட்டை விட்டுப் போன அன்று அப்பா, "ஆறாம் நம்பரை அடிச்சிடுக்கா" என்றார். அத்தை நிமிராமலே, "பேரை அடிக்கிற அதிகாரம் ஹெட்மிஸ்ட்ரஸுக்குத்தான். ரெண்டாம் நம்பர் வாயை மூடிக்கிட்டு சாப்பிடட்டும்" என்றார். அன்றிலிருந்து மூன்று வருடமும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு இருப்போம்.

இனி எழுதுவதை நீ மன்னிப்பாயா என்று தெரியவில்லை.

போன வாரம் காய்ச்சலில் அத்தைக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டிலை வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வருகைப் பதிவு எடுத்தார். ஆறில் வந்து நின்றுவிடுவார். "ஆறு எங்கே? ஆறு வராம யாரும் சாப்பிட வேணாம்" என்று பாலைக் கூடத் தள்ளிவிட்டார். இரண்டு நாள் அப்படியே. எதையாவது உள்ளே இறக்கினால்தான் தேறுவார் என்று நர்ஸ் சொன்னாள். புதன்கிழமை இரவு நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். ஆறு என்றார். உன்னை மாதிரியே மூக்கால் இழுத்து, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே கள்ளக் குரலைப் பிடிப்பவர் அவர். அடுத்தவருக்காகக் குரல் கொடுத்தவர் யாரும் அவரிடம் தப்பியதில்லை. என்னையே வெகுநேரம் பார்த்தார். "வந்துட்டியா? ரொம்ப லேட்டு" என்றார். அரை டம்ளர் பால் குடித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிறகு, "எல்லாரும் வந்தாச்சு. மணியடிச்சிடு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை.

ஏழாம் நம்பரைக் கூப்பிடவே இல்லை, அக்கா.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உனக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார். நான்தான் மணியடித்துப் பள்ளியை முடித்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் அப்பா அத்தையின் காகிதங்களையெல்லாம் எரிக்கப் போகிறார். பதிவேட்டை மட்டும் எடுத்து என் புத்தகப் பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதன் பின்னட்டையில்தான் உன் விலாசம் இருந்தது, பென்சிலில். அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. உன் கட்டங்களைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒரு நாள் கூட 'வரவில்லை' என்று போடவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'விடுப்பு' என்றுதான் இருக்கிறது. லெட்டர் இல்லாமல் யாருக்கும் லீவு கொடுக்காதவர்.

காய்ச்சலில் கிடந்த நாட்களோடு புதன்கிழமைக் கட்டமும் காலியாக இருக்கிறது. அதில் நான் கை வைக்க மாட்டேன். டிரைவர் மாமா நாளை இந்தக் கடிதத்தை டவுனில் போட்டுவிடுவார். நீ வா அக்கா. அப்பா திட்டினால் திட்டட்டும். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று ஒரு தடவை உன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டுப் போ. அப்புறம் என்னை அடித்தாலும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் இருமல். விளக்கை