கலங்காத படம்

தம்பிக்கு,

சலாம். போன்ல பேசினா உங்க அத்தா காதுல விழும், அதான் எழுதுறேன். படிச்சதும் போன் பண்ணாத.

நேத்து பாண்டிச்சேரிக்குப் போய் அத்தாவுக்கு மறுபடியும் தலை ஸ்கேன் எடுத்தோம். முன்ன ரெண்டு தடவையும் படம் கலங்கிப்போச்சுன்னு உனக்குத்தான் தெரியுமே. மைன்ஸ்ல அத்தனை வருஷம் மண்ணு வெட்டுற மிஷின் ஓட்டினவரு இல்லையா, ஸ்கேன் மிஷின் கடகடன்னு சத்தம் போட்டதும் சுகமா தூங்கிடுவாரு. தூக்கத்துல கை தானா லீவரை இழுக்குற மாதிரி அசையும், கூடவே தலையும் ஆடும். "ஒண்ணும் தெரியல, இன்னொரு நாள் வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. பஸ்ல அதையே சொல்லிச் சிரிச்சுக்கினு குவார்ட்டர்ஸ் வந்து சேருவோம்.

இந்தத் தடவை புது மிஷின். ஸ்கேனைச் சீக்கிரம் முடிச்சு, ஆடினாலும் படத்தைத் தெளிவாக்குற புரோகிராம் உன் கம்பெனியில எழுதுறீங்களே, அதுமாதிரி ஒண்ணு இதுல இருக்காம். அத்தா கண்ணு அசர்றதுக்குள்ள முடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க. "நம்ம புள்ள வேலையைப் பாத்தியா"ன்னு அவருக்கு ஒரே பெருமை. குவார்ட்டர்ஸ் பிளாக்குல பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருக்காரு.

டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாரு. ஒண்ணும் படிக்காத எனக்கே உள்ள இருக்குறது தெரிஞ்சுதுப்பா, அவ்வளவு தெளிவு.

உன் வேலையை நான் குறை சொல்லல. ஆனா மனசு கேக்காம, "பழைய மிஷின்லயே இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமா சார்?"ன்னு கேட்டுட்டேன்.

அவரு படத்தைக் கவர்ல போட்டாரு. பையன் எப்ப வருவான்னு கேட்டாரு.

துஆவோட,
அம்மா