தம்பி மாட்டிய பெட்ரோல் மூடி

நேற்றுக் காலை நம் போர்டிகோவில், காரின் பின்பக்கம் நின்றவர்கள் மூன்று பேர். நான், நம் மகள் சுமதி, எதிர்வீட்டு ஜெயம்மா. வேறு யாரும் இல்லை. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாளாகப் பெட்ரோல் நாற்றம் பூஜை அறை வரைக்கும் வந்தது. விளக்கேற்றவே பயமாக இருந்தது. பார்த்தால் டாங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்து, மூடி தொட்டாலே கழன்றது. நீங்கள் போன பிறகு குழாய், பியூஸ் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இதையும் நானே மாற்றுவதென்று புது மூடி வாங்கி வந்தேன்.

"ஏனு அக்கா, மெக்கானிக் ஆயிட்டீங்களா? நாளைக்கு எங்க ஸ்கூட்டரையும் தள்ளிட்டு வரேன்," என்று ஜெயம்மா கன்னடம் கலந்த தமிழில் கேட்டு, கேட்டில் சாய்ந்து சிரித்தாள்.

"தள்ளிட்டு வாங்க. காபி மட்டும் உங்க வீட்டுல," என்றேன்.

புது மூடியின் வாஷர் மெல்லிசாக இருந்தது. தடித்தது கிடைக்குமா என்று உங்கள் டூல்ஸ் டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு பழைய மூடி. உட்புறத்தில் ஆணியால் கீறிய நம் வண்டி நம்பர். கீறியது என் தம்பி செல்வம்.

ஒன்பது வருஷம் ஆகிறது. பங்கில் பெட்ரோல் போட்டவன் மூடியை மாட்ட மறந்து, அது வழியில் எங்கோ விழுந்துபோனது. நீங்கள் ஒரு வாரம் துணியை அடைத்துக்கொண்டு ஆபீஸ் போனீர்கள். ஜே.சி. ரோடு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்த செல்வம் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை தானே மூடி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். அவன் காக்ஸ் டவுன் பெண்ணைக் காதலித்து, சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். சாமியை விட்டுப் போனவன் என்ற கோபம் எனக்கு.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஜெயம்மா வீட்டுக்குப் போன் வந்தது, அத்தைக்கு முடியவில்லை, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று. நீங்கள் தனியாகக் காரில் கிளம்பினீர்கள். ஓசூர் தாண்டியதும் வண்டி நின்றது. கிளப்பினால் கொஞ்ச தூரம், திரும்ப நின்றது. ஏழு தடவை என்று சொன்னீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தையின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் காரியத்துக்கு செல்வம் வந்தான். இலையில் உட்கார்ந்தவனை எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். "ஓட்டையே இல்லாத மூடிய மாட்டிட்டியேடா. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள்ள காத்து போக வேணாம்? காத்து போகலைன்னா வண்டி நிக்காம என்ன பண்ணும்?"

"இல்ல மாமா, நடுவுல ஓட்டை இருக்கு. பாத்துத்தான் எடுத்தேன். மூடிய ஒரு தடவ காட்டுங்க."

"எங்கம்மாவ காட்டுடா நீ!"

அவன் என்னைப் பார்த்தான். "எந்திரிச்சுப் போடா," என்றேன். போனான். சாம்பார் ஊற்றிய இலை அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவன் இந்த அல்சூர் பக்கமே வரவில்லை, உங்கள் சாவுக்குக்கூட.

நேற்று அந்த மூடியை வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே நடுவில் சின்னக் குழி. குழி நிறையக் கல்லாகிப்போன சந்தனம், அதன்மேல் கறுத்த குங்குமம். வெந்நீர் ஊற்றி ஊற வைத்தேன். சந்தனம் கரைந்தது. அடியில் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் ஒடிந்த ஊக்கு முனை ஒன்று.

சந்தனம் என்னுடையது. அந்த ஆயுத பூஜைக்கு டயர், ஸ்டியரிங், பானெட் எல்லாவற்றுக்கும் வைத்தேன். புது மூடிக்கு மட்டும் எதற்குக் குறை என்று, பொட்டு வைக்கவே குழித்துவிட்ட மாதிரி இருந்த இடத்தில் கெட்டியாகக் குழைத்து அப்பினேன்.

ஊக்கு உங்களுடையது. உங்கள் அரைஞாணில் எப்போதும் மாட்டியிருப்பது. நடுவழியில் அதை எடுத்து உட்புறமாகக் குத்திப் பார்த்திருக்கிறீர்கள். ஓட்டையும் தெரிந்திருக்கிறது, அதை அடைத்தது யார் என்றும் தெரிந்திருக்கிறது.

காரியம் முடிந்த கையோடு வேறு மூடி வாங்கி மாட்டினீர்கள். அடுத்த வருஷம் நான் சந்தனக் கிண்ணத்தோடு போனபோது, "மூடிகிட்ட போகாத, பெயிண்ட் கெட்டுடும்" என்றீர்களே. ஒவ்வொரு வருஷமும் சொன்னீர்கள். பெயிண்டின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் சிரித்தேன்.

"ஏம்மா அழறே? வாஷர் கெடைக்கலையா?" என்றாள் சுமதி. பெட்ரோல் கண்ணில் பட்டது என்றேன். டப்பாவிலிருந்த வேறு வாஷரைப் போட்டுப் புது மூடியை மாட்டினேன். இறுக்கமாக உட்கார்ந்தது. நாற்றம் போய்விட்டது.

ராத்திரி முழுக்க இரண்டு விதமாகவும் யோசித்தேன். உங்கள் அக்கா தங்கைகள் என்னைக் குதறிவிடுவார்கள், "உன் பொட்டுதான் எங்கம்மா முகத்தப் பாக்க விடல" என்பார்கள் என்று எனக்காக வாயை மூடிக்கொண்டீர்களா? அப்படியானால் நான் உங்களைக் கும்பிட வேண்டும். இல்லை, பிடிக்காத மச்சானைத் துரத்த ஒரு சாக்கு கிடைத்தது என்று விட்டுவிட்டீர்களா? அப்படியானால் இத்தனை வருஷம் என் கையாலேயே என் தம்பியை வெளியே தள்ளி வைத்திருந்தீர்கள். எதுவாக இருந்தாலும் என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஒரே தலையணையில்தானே படுத்தோம்.

இன்று செல்வத்துக்குப் போன் செய்தேன். அக்கா என்று கூப்பிடவில்லை. "யாரு?" என்றான். வியாழக்கிழமை உங்கள் வருஷத் திதிக்கு வரச் சொன்னேன். வருகிறேன் என்றான். சந்தனம் வைத்தது நான்தான் என்று அவன் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவேன். அது என் பாடு. "மாமாவுக்குத் தெரியுமா?" என்று அவன் கேட்பான். தெரியும் என்பேன். "அப்புறம் ஏன்?" என்பான். அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

கனவிலோ, பூஜை வேளையிலோ, எப்படி முடியுமோ அப்படிச் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் வேண்டும்.