டி'சூசா பெயர் போட்ட அட்டை

1974 பிப்ரவரி 3, ஞாயிறு

அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறீர்கள். எழுத வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

சுரங்கத்தில் எந்த ஆழத்து லெவலிலிருந்து எவ்வளவு கல் மேலே ஏறியது என்று கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. காட்டியதும் எங்கள் சூப்பர்வைசர் எட்மண்ட் டி'சூசா சார் வாங்கிக்கொண்டார். இப்போது அவருடையதாம். பதினைந்தாம் தேதி பெரிய ஆபீசர் முன்னால் அது ஓடினால் புரோகிராமர் வேலை அவருக்கு. நான் வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு பஞ்ச் பண்ணும் பெண்ணாகவே இருப்பேன். பி.எஸ்சி. எதற்குப் படித்தேன்?

பிப்ரவரி 6

"சார், அது நான்..." என்றேன் எட்மண்டிடம். அவ்வளவுதான் வந்தது.

"இன்னா சுலோச்சனா, உங்கப்பா சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறாரு, நீ கம்ப்யூட்டர்ல ஏறப் போறியா? எழுதித் தர்றத அப்படியே பஞ்ச் பண்ணு. மூளைய வூட்ல வெச்சிட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே — சீ!

பிப்ரவரி 10

சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 14

தலைப்பில் தன் பெயர் வரவேண்டுமென்று கடைசி நேரத்தில் எட்மண்ட் ஒரு வரி எழுதித் தந்தார். ஓட்டிப் பார்க்க மெஷின் கிடையாது, நாளைதான்.

அச்சாக வேண்டிய எழுத்துகளை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் வைப்போம். டி'சூசாவின் நடுவிலும் அதே குறி. அங்கே அதை இரண்டு முறை போட வேண்டும். இல்லையென்றால் பெயர் 'டி'யோடு முடிந்ததென்று மெஷின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் புரியாமல் நின்றுவிடும். அவர் ஒன்றுதான் போட்டிருக்கிறார்.

சொல்லவா?

அப்படியே பஞ்ச் பண்ணினேன்.

அட்டைகளைச் சரிபார்க்கும் பியாட்ரிஸ் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடியே, இந்த மூஞ்சிக்குள்ள இவ்ளோ வெஷமா?"

"எழுதித் தந்தது அதுதானே?"

"நான் ஒண்ணும் பாக்கல, தாயே."

பிப்ரவரி 15

நின்றது!

"இந்தப் பொண்ணுங்க தப்பா பஞ்ச் பண்ணிட்டாங்க சார்" என்றார் எட்மண்ட். பெரிய ஆபீசர் ஏசுபாதம் சாரிடம் எட்மண்ட் எழுதித் தந்த தாளை நீட்டினேன்.

"தாள்ல இருக்கற மாதிரி அட்டை சரியாத்தான இருக்கு. தப்பு எங்க, நீயே காட்டுப்பா" என்றார் அவர் எட்மண்டிடம்.

எட்மண்டுக்குத் தெரியவில்லை. காலர் நனைந்தது. இன்னும் கொஞ்சம் நனையட்டும் என்று நின்றேன். பிறகு மெஷினிடம் போனேன். ஒரு குறி சேர்த்திருக்கலாம். அந்த வரி இருந்த அட்டையையே உருவிப் போட்டேன். ஓடியது — லெவல் லெவலாக, அவர் பெயர் இல்லாமல்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

மார்ச் 4

புரோகிராமர் வேலை எனக்கு. எட்மண்டை ஸ்டோருக்கு மாற்றப்போவதாக ஏசுபாதம் சார் சொன்னார்.

"உனக்கு வேற இன்னாம்மா வேணும்?"

ஒன்றும் வேண்டாமென்று நன்றி சொன்னேன். கதவு வரை போய்த் திரும்பினேன்.

"எட்மண்ட் சார மாத்தாதீங்க சார். எனக்கு அட்டை பஞ்ச் பண்ண ஒரு ஆள் வேணும்."