ஒருசந்தி வெள்ளியில் பிரியாணி

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். உங்கள் அருமை மகன் கோயில் வளாகத்தில் உங்களுக்குப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறான். ‘ஜெப தவ வாழ்வின் முன்மாதிரி’ என்று உங்கள் தலைக்கு மேலே எழுத்து. அதற்கு நேர் கீழே இரண்டு அண்டா மட்டன் பிரியாணி.

இன்று என்ன கிழமை தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் உங்கள் ஒருசந்தி வெள்ளி. வருஷத்துக்கு நாலு முறை, காலம் மாறும்போதெல்லாம், புதன், வெள்ளி, சனி என்று கறி தொடாமல், ஒருவேளைச் சாப்பாட்டோடு ஜெபத்தில் கிடப்பீர்களே, அதே நாள்.

போன வாரமே அண்ணனிடம் சொன்னேன். “அந்த ஒருசந்தியெல்லாம் சபையில எப்பவோ எடுத்துட்டாங்க, நீ வேற. அப்பாவுக்கு பிரியாணின்னா உசுருடி” என்றான். பங்குப் பேரவையில் வேறு இருக்கிறாராம், பெரிய துரை. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீடு வீடாகப் பாடப் போய், அடக்கமாய்க் காத்திருக்க வேண்டிய திருவருகைக் காலத்தைக் கேக் தின்றே ஓட்டும் கூட்டம் அது. பாலன் பிறப்பதற்குள் இவர்களுக்கு அஜீரணம் வந்துவிடும்.

யாருக்கு நினைவிருந்தது தெரியுமா? வேங்கிக்காலில் உங்கள் ஆபீசுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஏழுமலை அண்ணனுக்கு. புதன்கிழமை என்னைப் பார்த்ததும், “மார்கழி பொறக்கசொல்ல சாரு மூணு நாளு டீ வேணாம்னுடுவாரேம்மா. நீ குடிப்பியா?” என்று கேட்டார். கிரிவலம் போகிற மனிதருக்குத் தெரிந்தது, பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரியவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில் என் ஆபீஸ் தோழிகளை விருந்துக்குக் கூப்பிட்டேன். “பங்குச் சாமியாரே மறந்த விரதத்தை எங்கப்பா புடிச்சு தொங்கறாரு” என்று அவர்கள் முன்னால் சிரித்தேன். நீங்கள் தட்டை வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். அவர்கள் முன்னால் எனக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்றுதானே அப்பா? அன்று என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

இன்று மதியம் அண்ணன் முதல் தட்டை என்னிடம் நீட்டினான். “அப்பா பேர சொல்லி நீ ஆரம்பிச்சு வைடி.” ஊரே பார்த்தது. “அப்பாவ அவமானப்படுத்தற சோறு எனக்கு வேணாம்” என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பின்னாலேயே ஓடி வந்தான். “நாலு பேரு எதிர்ல என்னை அசிங்கப்படுத்திட்ட இல்ல?” கண் கலங்கியிருந்தது. அந்த மடையன் உங்கள் மேல் இருந்த ஆசையில்தான் அதைச் செய்திருக்கிறான்.

வீட்டுக்கு வரும்வரை ஜெயித்த மிதப்பில் இருந்தேன். செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நீங்களாக இருந்தால் இன்றும் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பீர்கள். விரதத்தைக் காப்பாற்றியது நான்தான். உங்களைப் போல நடந்துகொள்ளத்தான் வரவில்லை.

நாளை சனிக்கிழமை ஒருசந்தியை உங்களுக்காகப் பிடிக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். ஃபிரிட்ஜில் கிடக்கும் மிச்சப் பிரியாணியைச் சூடு பண்ணி வைத்தாலும் உட்கார்ந்து சாப்பிடுவேன், அப்பா. திட்டிக்கொண்டேதான்.

அவனுக்குத் தங்கச்சியும் உங்களுக்கு மகளுமான
ஸ்டெல்லா