டம்ளர் இரண்டாகத் தெரிந்தபோது

அத்தை,

இன்று காலை தேரடித் தெருவில் தட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் வெள்ளைத் தட்டுகளை எடுத்துப் போட்டு, "எல்லாரும் இதான் வாங்குறாங்க" என்றார். கருநீலம்தான் வேண்டுமென்று நின்றேன். வெள்ளைத் தட்டில் இட்லி இருப்பது தெரியாமல் உங்கள் விரல்கள் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்துவிட்டது.

கை நடுக்கத்துக்கு நாம் எல்லோரும் பழகியிருந்தோம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் நம் டீக்கடையை அந்த நடுங்கும் கையோடுதான் நடத்தினீர்கள். பிறகு படிகளில் தடுக்க ஆரம்பித்தீர்கள். ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் ஊற்றினீர்கள். "அம்மா தண்ணி போட்டிருக்காங்களா?" என்று ஒருவர் சிரித்தார்.

"ரெண்டு டம்ளர் தெரியுதுடா, எதுல ஊத்துறது?" என்று என் வீட்டுக்காரரிடம், உங்கள் மகனிடம் கேட்டீர்கள்.

"புரை ஆபரேஷன் பண்ணியாச்சு, கண்ணு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ கம்முனு வீட்ல இரு" என்றார் அவர்.

ஒரு வாரம்கூட நீங்கள் வீட்டில் அடங்கி இருக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். "வேலூருக்கு இட்டுக்கினு போ. அவன் வரலன்னா நீ வா."

வேலூர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் என்னிடம்தான் விவரம் கேட்டார். "கண்ணு என்னுது சார், என்னைக் கேளுங்க" என்றீர்கள். அவர் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கண்ணை மூடச் சொன்னதும் அவர் கையில் இரண்டாகத் தெரிந்த பேனா உங்களுக்கு ஒன்றானது. உங்கள் கையை நடுங்க வைக்கும் பார்க்கின்சன் நோயில் இரு கண்களும் சேர்ந்து உள்பக்கம் திரும்புவது தளர்ந்துவிடுமாம். கிட்டத்தில் இருப்பது இரண்டாகத் தெரியுமாம். வெள்ளையில் வெள்ளை பிரியாததும், படியின் ஆழம் பிடிபடாததும் அதே நோயால்தான் என்றார். இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் பிரிஸம் வைத்த கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொன்னீர்கள்: "எனக்கு எல்லாம் ரெண்டாத் தெரியுது. அதுக்காக நான் பாதியா ஆயிட்டேனா? பௌர்ணமிக்குக் கடைக்கு வருவேன்."

வந்தீர்கள். படி விளிம்புகளில் என்னை மஞ்சள் டேப் ஒட்ட வைத்தீர்கள். கண்ணாடி எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. சிந்தியதைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினீர்கள். பெஞ்சுக்கு அடியில் இல்லாத பூனை தெரிய ஆரம்பித்தபோது நான் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். நோயிலும் வரும், மாத்திரையாலும் வரும் என்று அளவை மாற்றினார். நீங்களோ, "இல்லாத பூனைதானே, பால் கேக்காது" என்றீர்கள். போன மார்கழியில் சளி நெஞ்சில் இறங்கி உங்களைக் கொண்டுபோகும்வரை கடையை விடவில்லை.

எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கும் இப்போது இதே நோய். இன்று வாங்கிய கருநீலத் தட்டு அவருக்குத்தான். போன வாரம் அவர் தண்ணீர்ச் சொம்பைத் தாண்டிக் கையை நீட்டினார். "வயசாயிடுச்சு, ஒண்ணும் தெரியல" என்று வீட்டார் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது பெரியப்பா?"

பதில் வர நேரமானது. அவர் மகள் குறுக்கே பேச வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரையும் நான் பேச விடவில்லை.