மல்லாட்டை தின்ற தளபதி

1966 மே 2, திங்கள்
மளிகைக்கடையில் மதியம் ஈ ஓட்டுகிற நேரம். செஞ்சி முற்றுகையை ஆட்டமாக்கும் வேலை நடந்தது. அட்டையில் மூன்று மலையும் வரைந்தாயிற்று. புளியங்கொட்டைதான் சிப்பாய். தானியத்துக்கு வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை. சுற்றுக்கு ஒரு சிப்பாய்க்கு ஒன்று. கொடுக்காவிட்டால் அவன் ஊருக்குப் போய்விடுவான். சிப்பாயின் விசுவாசத்தை ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பதினைந்தாம் தேதி புதுச்சேரியிலிருந்து தனசேகரன் வருகிறார், பரமபத அட்டை அச்சடித்து விற்கிறவர். "ஆடிப் பாக்கறேன். கொட்டாவி வந்தா எழுந்து போயிடுவேன்" என்றிருக்கிறார். பிடித்தால் என் ஆட்டமும் அச்சாகும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

மே 5
பக்கத்து ஜவுளிக்கடை வீராசாமியோடு முதல் ஆட்டம். அவன் முற்றுகையிடுகிற டில்லிப்படை, நான் கோட்டை. யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று தானியத்தைத் தின்றே தீர்த்துவிட்டான்!

"இன்னாப்பா ராஜாங்கம், துன்ற பொருளை எதிர்ல வச்சிட்டுத் துன்னாதேன்னா எப்படி?"

அடப்பாவி, அது உன் படையின் சோறடா!

மே 6
மல்லாட்டைக்குப் பதில் கூழாங்கல். யாரும் தின்னவில்லை. யாருக்கும் ஆடவும் பிடிக்கவில்லை. வீராசாமி கொட்டாவி விட்டான்.

மே 9
மறுபடி கொட்டாவி. தனசேகரனும் இப்படித்தானே?

மே 11
வீட்டுக்காரி ஜெயத்தை உட்காரவைத்தேன். மறுபடி மல்லாட்டை. யோசனையில் நானே இரண்டைத் தின்றுவிட்டேன். அவள் விடுவாளா?

"ஏங்க, தலைவரு துன்னுட்டு ஆளுங்களுக்குத் தோலைப் போட்டா எவன் இருப்பான்? இந்த ரெண்டு பேரும் இனிமே என் ஆளு!" என் சிப்பாய்கள் இரண்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அப்படிச் சட்டமே இல்லை என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே — ஐயோ, இதுதானே! விசுவாசம் என்று நான் தேடினது இதுதானே! தாராளமாகத் தின்னலாம். தின்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப்பாய் எதிரியிடம் போவான். அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

மே 12
வீராசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடினான். கொட்டாவியா? மூச்சே விடவில்லை.

மே 15, ஞாயிறு
தனசேகரன் வந்தார். நல்ல பருத்த உடம்பு. டில்லிப்படை கேட்டார். எதிரே ஜெயம். அவர் கை கிண்ணத்துக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. சிப்பாய்கள் வரிசையாக ஜெயத்தின் கோட்டையில் குடியேறினார்கள். கடைசியில் கூடாரத்தில் அவர் ஒருவர்தான். கோபித்துக்கொள்வாரோ?

அவர் புளியங்கொட்டைகளை மறுபடி அடுக்கினார்.

இதை எழுதும்போது மூன்றாம் ஆட்டம் நடக்கிறது. "விக்கிற பெட்டில மல்லாட்டைய வச்சா எலி துன்னுடும். வாங்கறவங்களே வறுத்துக்கட்டும்" என்கிறார். அட்டை எத்தனை அங்குலம் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னொன்றை வாயில் போட்டார். ஜெயம் ஒரு சிப்பாயைத் தன் பக்கம் நகர்த்தினாள்.