நீங்கள் எழுதிய பின்கதவு

அன்புள்ள உங்களுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். குட்டி இப்போதுதான் அசந்தாள். காலையில் அச்சகத்து ஆள் உங்களிடம் பக்கங்கள் வாங்க வருகிறாராம். அவரிடம் கொடுத்தால்தான் இது உங்களுக்குச் சேரும். நீங்கள் தங்கியிருக்கும் விடுதியின் முகவரியைப் பதிப்பக முதலாளி தர மாட்டேன் என்கிறார். "கலைச்சு விட்டுடாதம்மா, நாலு பேரு வேலையை ஒத்தை ஆளாப் பார்க்கிறார்" என்று சிரிக்கிறார்.

குட்டிக்குச் சளி குறைந்துவிட்டது. கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. என் விரலைத்தான் கடித்துப் பழகுகிறாள். இதையெல்லாம் முதலில் எழுதுவது, அடுத்ததை எழுதக் கை வராததால்தான்.

இன்று மதியம் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப் பை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். எந்த அம்மா என்றேன். குடும்பக் கதைகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெண் பெயரைச் சொன்னார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றதும், "அப்ப துப்பறியும் கதை எழுதுற சாராவது இருக்காரா?" என்று உங்கள் இன்னொரு பெயரையும் சொன்னார். குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

நாலு பெயரில் மாதம் நாலு புத்தகம் எழுதுகிற நீங்கள், வாசல் எந்தப் பக்கம், படி எந்தப் பக்கம் என்று குழம்பாமலிருக்க எல்லாப் பெயரிலும் நம் வீட்டையே எழுதிவிடுகிறீர்கள். அந்தம்மா எழுதினால் தெருவும் எதிர்த் தையல் கடையும். துப்பறியும் சார் எழுதினால் உள்ளறையும் பின்கதவும். பேய்க்கதைக்காரருக்கு முனகும் மாடிப்படி. யார் இதையெல்லாம் சேர்த்துப் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். இவர் படித்திருக்கிறார். "தெருவை அம்மா சொன்னாங்க, வீட்டை சார் சொன்னாரு. தேடிக்கிட்டே இருந்தேன், சிக்கிடுச்சு" என்று பெருமையாகச் சொன்னார்.

குட்டியின் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். போகும்போது, "பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னும் மாத்தலையா? தூக்கித் தள்ளினா திறந்துக்குமே" என்றார். மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குட்டியைத் தையல்கார அக்காவிடம் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த ஏட்டய்யா மேஜையில் உங்கள் துப்பறியும் தொடர்தான் விரிந்து கிடந்தது! வந்தவரைப் பற்றிச் சொல்லி, இதை எழுதுகிறவர் என் வீட்டுக்காரர் என்றேன். அட்டையைத் திருப்பிக் காட்டி, "இவரு ரிடையர்டு அதிகாரிம்மா, போட்டிருக்கு பாரு. அவருக்கு உன் வயசுல பேத்தி இருக்கும்" என்றார். குடும்பக் கதையும் அவரே எழுதுவதுதான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பெயர்களுக்குப் பின்னால் உங்களை அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருக்கிறார் முதலாளி. தேடி வந்தவரைத் தவிர ஒருவரும் நம்புவதாக இல்லை.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. துப்பறியும் தொடரின் இந்த வாரப் பகுதியில் புருஷன் வெளியூர் போயிருக்கிறான். வீட்டில் தாயும் கைக்குழந்தையும் மட்டும். பின்கதவுக்கு வெளியே யாரோ நிற்பதோடு நிறுத்திவிட்டீர்கள். வந்தவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் முதலில் படிக்கிறவள் நான். அடுத்த வாரப் பகுதியை மட்டும் படிக்கவில்லை. தெரியாது என்றேன். "பரவாயில்லைங்க, வந்ததும் படிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடைகள் மூடிவிட்டதால் தாழ்ப்பாள் மாற்ற முடியவில்லை. உங்கள் புத்தகக் கட்டுகளைப் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து அடுக்கியிருக்கிறேன். இன்றைக்காவது நாலு பேரும் சேர்ந்து காவல் காக்கட்டும்.

அடுத்த வாரப் பகுதி அச்சுக்குப் போயிருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். முதலாளி கத்தினால் கத்தட்டும். கதையில் வெளியூர் போன புருஷன் அந்தப் பகுதியிலேயே வீடு திரும்பட்டும். அவனுக்கு முன்னால் நீங்கள் வந்தால் இன்னும் நல்லது. வர முடியாவிட்டால், கதவுக்கு வெளியே நின்றவன் என்ன செய்கிறான் என்பதையாவது அச்சகத்து ஆள் கையில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அந்த நாலு பேரில் யாரும் வேண்டாம், உங்கள் பெயரில் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா